திட்டு வாங்க வந்த மெட்டு

“அப்படின்னா இன்னைக்கும் திட்டலையா?”

“திட்டலை மாஸ்டர். பஜ்ஜி குடுத்து அனுப்பினாங்க.”

“பஜ்ஜியா?”

“வாழைக்காய் பஜ்ஜி. தொட்டுக்கத் தேங்காய்ச் சட்னி வேற.”

“சூடா இருக்கா?”

“சூடாத்தான் இருக்கு மாஸ்டர்.”

“போச்சு,” என்று மரியதாஸ் ஆர்மோனியத்தின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார். துருத்தியில் மிச்சமிருந்த காற்று அவர் கன்னத்துக்கு அடியிலிருந்து ‘ஙொய்’ என்று வெளியேறியது. பஜ்ஜி ஆறிப்போயிருந்தால்கூட அவர் கொஞ்சம் நம்பிக்கையோடு இருந்திருப்பார். வேண்டாத ஆளுக்கு யாரும் சூடாகப் பஜ்ஜி அனுப்புவதில்லை.

தங்கராஜ் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானே ஒன்றை எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு வருடமாக மரியதாஸிடம் உதவியாளனாக இருப்பவன். மாஸ்டர் முனகுவதையெல்லாம் ஸ்வரமாக எழுதி வைப்பது அவன் வேலை. பல் விளக்கும்போது முனகினதைக்கூட ஒருமுறை எழுதி வைத்திருந்தான். அது பின்னால் ஒரு படத்தில் சரணமாக வந்தது.

சென்னையில் உட்கார்ந்தால் மெட்டு வராது, மலை ஏறினால்தான் வரும் என்பது கோடம்பாக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். இசையமைப்பாளர்கள் ஊட்டிக்குப் போவார்கள், கொடைக்கானலுக்குப் போவார்கள். பெட்டிபெட்டியாக வாத்தியங்களும் வெந்நீர்ப் பையும் கூடப் போகும். அவர்களெல்லாம் பனிக்காகவும் அமைதிக்காகவும் போகிறவர்கள். மரியதாஸ் ஒருவர்தான் திட்டு வாங்குவதற்காக மலை ஏறுகிறவர். அதுவும் ஊர்பேர் தெரியாத யாரோ திட்டினால் அவருக்குப் போதாது. ஏற்காட்டில், நாகலூர் ரோட்டில், இந்த எஸ்டேட் பங்களாவின் கேட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் ரஹமத் பீவி வாயால் திட்டு வாங்க வேண்டும்.

இது எண்பத்தொன்றாம் வருடம் ஆரம்பித்த கதை. சேலம் அஸ்தம்பட்டியில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த மரியதாஸுக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு படம் கிடைத்தது. படத்தின் பெயர் ‘கொண்டை ஊசி’. இதே பங்களாவில் உட்கார்ந்து காதல் பாட்டுக்கு ஒரு பல்லவியை இருபதாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தபோது, கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கோழி.

“ஏனுங்க, இங்க யாருங்க அந்தப் பொட்டியை அமுக்கறது?”

“நான்தாங்க,” என்றார் மரியதாஸ்.

“பல்லுவலிக்காரன் விடிய விடிய மொனகற மாதிரி அது என்னாங்க பாட்டு? எங்கூட்டுக் கோழி அடை படுத்துப் பதினாலு நாளாச்சுங்க. நீங்க வாசிக்க ஆரம்பிச்சதும் எந்திரிச்சு வந்துருச்சு. திரும்ப உக்கார மாட்டேங்குது. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?”

கோழியும் அவரை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தது. படம் வெளிவந்தபோது அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அதைத்தான் போட்டார்கள். படம் நூற்று எழுபத்தைந்து நாள் ஓடியது.

அடுத்த படத்துக்கு மறுபடி ஏற்காடு. மறுபடி ரஹமத் பீவி. இந்த முறை, “ரேசன் கடையில மண்ணெண்ணெய் ஊத்தறப்பக்கூட இதைவிட நல்லாச் சத்தம் வருமுங்க,” என்றாள். வெள்ளி விழா. மூன்றாவது படத்துக்கு அவள் எதுவும் பேசாமல் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தப் பாட்டுக்கு மாநில விருது வந்தது. நான்காவது படத்தில்தான் வினை. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லீங்க,” என்று சொல்லிவிட்டாள். படம் வெள்ளிக்கிழமை காலை வெளியானது. மாலைக் காட்சிக்குத் தியேட்டரில் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

சினிமாவில் இதற்கு சென்டிமென்ட் என்று பெயர். பூசணிக்காய் உடைப்பதும், முதல் காட்சியில் சாமி படத்தைக் காட்டுவதும் எப்படியோ, அப்படித்தான் மரியதாஸுக்கு ரஹமத் பீவியின் வாய். பிறகு வந்த பட முதலாளிகள் ஏற்காடு எதற்கு என்று சென்னை ஓட்டலிலேயே ரூம் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று படம் வரிசையாகப் படுத்துவிட்டது. இப்போது தொண்ணூற்று மூன்று. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாளாக நூறு வயலின் வாசிக்கிற பையன்கள் வந்துவிட்டார்கள். மரியதாஸைக் கூப்பிடுவாரில்லை.

கடைசியாகக் கூப்பிட்டவர் வேடியப்பன். சேலத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், புதிதாகப் படம் எடுக்க ஆசைப்பட்டவர். பல்லி சொல்லாமல் ஆலையில் மோட்டார் போட மாட்டார். “எனக்குப் பாட்டு தெரியாதுங்க மாஸ்டர்,” என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். “அந்தம்மா திட்டுனா நீங்கதான் மியூசிக். திட்டலீன்னா அந்தக் கம்ப்யூட்டர் பையன். ஞாயித்துக்கெழமை அக்ரிமென்டோட வர்றேன். ஆறு பாட்டு. ஆறுக்கும் திட்டு வேணும்.”

திங்கட்கிழமை வந்தார்கள். இன்று வியாழன். ஒரு திட்டுகூட விழவில்லை. பஜ்ஜிதான் விழுந்திருந்தது.

“சத்தம் அவங்களுக்குக் கேக்கலையோ என்னமோ,” என்றான் தங்கராஜ்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆம்ப்ளிஃபயரை ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்து, ஒலிபெருக்கியின் வாயைக் கடையைப் பார்த்துத் திருப்பினார்கள். கீபோர்டில் ஷெனாயும் தவளைச் சத்தமும் ஒன்றாக வரும்படி ஒரு பொத்தானைத் தங்கராஜ் கண்டுபிடித்தான். ரிதம் பெட்டியை இருக்கிற வேகத்திலேயே அதிக வேகத்தில் முடுக்கிவிட்டார்கள். மரியதாஸ் தன் முப்பது வருட அனுபவத்தையெல்லாம் திரட்டி, எந்த இடத்தில் எந்த ஸ்வரம் வரக்கூடாதோ அந்த இடத்தில் அதை வைத்து, கதாநாயகன் அறிமுகமாகிற பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டார். மிளகுக்கொடியில் உட்கார்ந்திருந்த குருவிகள் மொத்தமாக எழுந்து மஞ்சக்குட்டைப் பக்கம் பறந்துபோயின.

நாகலூர் பஸ் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “அருமையா இருக்குதுங்க!” என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. எதனால் துடைத்தாள் என்பது தெரியவில்லை. சற்று நேரத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் குடையோடு வந்து நின்றார்.

“இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லீங்க,” என்றார்.

“மோசமா இருக்கா?” என்று ஆவலோடு கேட்டார் மரியதாஸ்.

ரைட்டர் எச்சில் விழுங்கினார். “சேச்சே. நொம்ப இனிமைங்க.” குடையை மடக்கக்கூட மறந்து, அதை அப்படியே வாசற்படியில் இடித்துக்கொண்டு ஓடினார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ரஹமத் பீவியின் கடையிலிருந்து பதில் வந்தது. ஆறு கமலா ஆரஞ்சு.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. ஷெனாயும் தவளையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அதற்காகவே காத்திருந்ததுபோல் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அழைக்காத விருந்தாளி மாதிரி கட்டில் மேலும் பெட்டி மேலும் உட்கார்ந்தது. மரியதாஸ் ஒரு ஆரஞ்சை உரித்தார். பாதி தின்றார். மீதியை மடியில் வைத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாததால் ஆர்மோனியத்தை மெதுவாக இழுத்தார். யாருக்காகவும் இல்லை. முதலாளி சொன்ன கட்டம் எதுவும் மனதில் இல்லை. விரல் ஒரு ஸ்வரத்தைத் தொட்டது, அடுத்ததைத் தேடிப் போகாமல் அங்கேயே கொஞ்சம் நின்றது, பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரிந்ததுபோல் இறங்கி வந்தது.

தங்கராஜ் சுளையை வாயில் வைத்தவன் மெல்லாமல் இருந்தான்.

“மாஸ்டர், இது…”

“எழுதாதே.”

“ஏன் மாஸ்டர்?”

“இது நல்லா இருக்கு. படத்துக்கு ஆகாது,” என்று சொல்லி மரியதாஸ் துருத்தியை மூடிவிட்டார். மடியிலிருந்த மீதி ஆரஞ்சைத் தின்னாமல் தட்டில் வைத்தார். புளிக்கிறது என்று தங்கராஜிடம் சொன்னார்.

சனிக்கிழமை அவரே கடைக்குப் போனார். ரஹமத் பீவி சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பக்கீர் முகமது பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“ரஹமத்தம்மா, நல்லா இருக்கீங்களா?”

“கால் கிலோ பதினஞ்சு ரூவாய்ங்க,” என்றாள் அவள்.

“நான் சீரகம் கேக்கலைங்க.”

“தூள் இல்லீங்க. முழுசாத்தான் இருக்குது.”

மரியதாஸ் குனிந்து பார்த்தார். முக்காட்டுக்கு அடியில், இரண்டு காதிலும், புது மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு.

பக்கீர் முகமது பத்திரிகையை மடித்தார். அவர் முகம் திருடன் முகமாகிவிட்டது. “தப்பா நெனைக்காதீங்க சார். நாந்தான் வைக்கச் சொன்னேன்.”

“ஏன் பாய், நான் என்ன பாவம் பண்ணினேன்?”

“பேப்பர்ல போட்டிருந்தாங்க சார், மூணு படம் ஓடலீன்னு. மனுசன் நொந்து நூலாகி மலைக்கு வர்றாரு, இந்த நேரத்துல இவ வாய்க்கு அவரு தாங்குவாரான்னு நெனச்சேன். ‘இந்தத் தடவை ஒரு வார்த்தை திட்டக்கூடாது’ன்னு சத்தியம் வாங்கிட்டேன். பஞ்சு இல்லாம இவளால சத்தியத்தைக் காப்பாத்த முடியலீங்க.” குரலைத் தாழ்த்தினார். “ரைட்டர்கிட்டயும் சொல்லி வச்சேன். பஸ்காரங்ககிட்டயும் சொன்னேன். அவரு பாட்டைக் கேட்டா ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போவும்னு.”

மரியதாஸ் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இரக்கம் ஒரு மனிதனை இப்படியும் கொல்லும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ‘கொண்டை ஊசி’யிலிருந்து வேடியப்பன் வரை முழுக் கதையையும் சொன்னார். பக்கீர் முகமது தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“சகுனம் பாக்கறதெல்லாம் எங்களுக்கு ஆகாதுங்க சார்,” என்றார் கடைசியில்.

அதற்குள் பஞ்சை எடுத்துவிட்டிருந்த ரஹமத் பீவி, “இதுல சகுனம் என்னாங்க இருக்குது?” என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். “அவரு வாசிக்கறாரு. எனக்குப் புடிக்கலீன்னா புடிக்கலீம்பேன். அது ஓடுனா என்ன, உக்காந்தா என்ன? நான் வாயைத் தொறந்து அஞ்சு நாளாச்சுங்க. நேத்து ஒண்ணு வாசிச்சீங்களே, பஞ்சையும் மீறிக்கிட்டு வந்துச்சு…”

“இருங்க, இருங்க!” மரியதாஸ் பதறி எழுந்தார். “இப்பத் திட்டிராதீங்க. நாளைக்கு முதலாளி முன்னால வச்சுத் திட்டுங்க.”

“சரிங்க. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வர்றேன். ஆனா ஒண்ணுங்க பாட்டுக்காரரே, பொய்க்குத் திட்ட மாட்டேன். புடிச்சாப் புடிச்சதும்பேன்.”

மரியதாஸ் அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். “உங்களுக்குப் புடிக்குமா? அந்தக் கவலையே எனக்கு இல்லீங்க.”

ஞாயிற்றுக்கிழமை வேடியப்பன் குப்பனூர் வழியாகக் காரில் ஏறி வந்தார். வழியில் பூனை குறுக்கே போனதாகவும், பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி அது திரும்பிப் போகும்வரை காத்திருந்ததாகவும் சொன்னார். ஒரு மூட்டை ஜவ்வரிசியும், தடித்த அக்ரிமென்டும், தங்கமுள் பேனாவும் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணிக்கு ரஹமத் பீவி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கையில் கோழி இல்லை. பக்கீர் முகமது வாசலோடு நின்றுகொண்டார், தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டுகிற தூரத்தில்.

முதல் பாட்டு. ஷெனாயும் தவளையும் ஓய்ந்தன.

“சேலம் பஸ் ஸ்டாண்டுல பத்துக் கண்டக்டருங்க ஒரே மூச்சுல கத்தற மாதிரி இருக்குதுங்க,” என்றாள் ரஹமத் பீவி.

“ஆஹா!” என்று தொடையைத் தட்டினார் வேடியப்பன். டைரியில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். “அடுத்தது.”

இரண்டாவது, காதல் பாட்டு. “இவங்க ரெண்டு பேரும் காதலிக்கறாங்களா, கெணத்துல உளுந்துட்டுக் கூப்புடறாங்களா?”

“நூறு நாள்,” என்றார் வேடியப்பன்.

மூன்றாவது, தாலாட்டு. “இதைக் கேட்டு எந்தப் புள்ளையும் தூங்காதுங்க. தூங்கற புள்ளையும் எந்திரிச்சு ஊட்டை உட்டே ஓடிப்போயிரும்.”

“சாமி, கண்ணு, அப்படியே சொல்லும்மா. நூத்தம்பது!”

நான்காவது திருவிழாப் பாட்டு. அதற்கு அவள் ஒரு நாயையும் அதன் வாலில் கட்டிய தகர டப்பாவையும் ஏற்காடு மலைப்பாதையின் இருபது வளைவுகளையும் சொன்னாள். ஐந்தாவது பாட்டு பாதி ஓடும்போதே கையைக் காட்டி நிறுத்தினாள். “இதுக்குத் திட்டே வரலீங்க. வவுத்தைப் பெரட்டுது. கொஞ்சம் தண்ணி குடுங்க.”

வேடியப்பன் எழுந்து நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கராஜ் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்தான். மரியதாஸ் புன்னகை செய்தார். ஆனாலும் அந்தப் புன்னகைக்குக் கீழே எங்கேயோ ஒரு சிறு முள். அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அவர் காதுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகவே தெரியும். பல்லுவலி என்று அன்றைக்கு அவள் சொன்னபோது, அது சரி என்று முதலில் நினைத்தவர் அவர்தான்.

“அஞ்சு முடிஞ்சுது,” என்று வேடியப்பன் அக்ரிமென்டை மடிமேல் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். “ஆறாவது, கதாநாயகி தனியா இருக்கறா, மழை பெய்யுது, அந்தக் கட்டம். அதையும் வாசிங்க. அம்மா ஒரு திட்டுத் திட்டட்டும். கையெழுத்தைப் போட்டுட்டு எறங்கிக்கறேன். பூனை திரும்ப வர்றதுக்குள்ள போவணும்.”

மரியதாஸ் தங்கராஜைப் பார்த்தார். தங்கராஜ் மாஸ்டரைப் பார்த்தான். வாரம் முழுவதும் ஐந்து பாட்டையும் கெடுப்பதிலேயே போய்விட்டது. ஆறாவது பாட்டு இல்லை.

“ஒரு பழைய மெட்டை எடுத்து விடட்டுமா?” என்று தங்கராஜ் காதோரம் கிசுகிசுத்தான். “ரிவர்ஸ்ல வாசிச்சா யாருக்கும் தெரியாது.”

மரியதாஸ் கீபோர்டைத் தள்ளி வைத்தார். ஏன் தள்ளி வைத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆர்மோனியத்தை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு இதுவும் பிடிக்காது, பன்னிரண்டு வருடத்தில் எது பிடித்தது என்று நினைத்துக்கொண்டார். அது அவருக்கு ஒரு பக்கம் தைரியமாகவும் ஒரு பக்கம் வருத்தமாகவும் இருந்தது. விரல் அந்த ஸ்வரத்தைத் தொட்டது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி வந்தது.

பாட்டு முடிந்தது. கூரையிலிருந்து பனிநீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற பக்கீர் முகமது எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

தண்ணீர்த் தம்ளர் ரஹமத் பீவி கையில் அப்படியே இருந்தது.

“ம், திட்டுங்கம்மா,” என்றார் வேடியப்பன். பேனாமுனை அக்ரிமென்டுக்கு ஒரு நெல்லளவு மேலே நின்றது. “கூச்சப்படாதீங்க. தாராளமாத் திட்டுங்க.”

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். எங்கோ பார்த்தாள்.

“கோழி கீழி ஏதாச்சும்?” என்று எடுத்துக் கொடுத்தான் தங்கராஜ்.

“தங்கச்சி, சும்மா ஒரு வார்த்தை,” வேடியப்பன் கெஞ்சினார். “பல்லுவலின்னாலும் போதும். பல்லுவலிதானுங்களே?”

ரஹமத் பீவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்ளரைத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மரியதாஸின் இடதுகை இன்னும் துருத்தியின் மேல்தான் இருந்தது. அவருக்கு வேடியப்பனின் பேனா ஒரு கண்ணிலும் அவள் முகம் இன்னொரு கண்ணிலும் தெரிந்தன.

“ஏனுங்க பாட்டுக்காரரே,” என்றாள் அவள், யாருக்கும் கேட்காத மாதிரி. “அதை இன்னொருக்கா வாசிங்களேன்.”